கூத்தன் திருமேனியும் ஆராய்ச்சி இதழ்களும்

தோற்றுவாய்

சமயக்கலை பற்றிய ஆராய்ச்சி நூல்களிற் பிறந்து இதழ்களிற் பரவியது அன்று. இதழ்களிற் பிறந்து நூல்களில் நிலைபெற்றது. ஒரு கல்வெட்டுப் படிக்கப்பட்டவுடன், அல்லது மண்ணுட் புதைந்த செப்புத் திருமேனி ஒன்று வெளிப்பட்டவுடன், அதன் காலமும் பொருளும் பற்றிய கருத்து முதற்கண் அச்சேறுவது ஆராய்ச்சி இதழின் பக்கங்களிலேயே. அங்கு ஒருவர் கூறிய கருத்தைப் பின்வந்தோர் மேற்கோளாகக் கொள்வர். மேற்கோள் பலகால் எடுத்தாளப்பட்டு முடிந்த முடிபு போலத் தோன்றும். அம்முடிபு பாடநூலிலும் புகும். ஆதலின் ஒரு கருத்தின் வலிமையை அளந்தறிய விரும்புவோர் அது முதலில் தோன்றிய இடத்திற்கே திரும்பிச் செல்லுதல் வேண்டும்.

தில்லைக் கூத்தப்பெருமானின் திருமேனி பற்றிய ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். துடி படைப்பைக் குறிக்கும், அமைந்த கை காத்தலைக் குறிக்கும், தீ அழித்தலைக் குறிக்கும், ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிக்கும், எடுத்த திருவடி அருளலைக் குறிக்கும் என்பது இன்று உலகெங்கும் வழங்கும் விளக்கம். அரும்பொருட் காட்சியகங்களில் திருமேனிக்கு அருகே வைக்கப்படும் குறிப்புகளும் இதனையே கூறுகின்றன. இவ்விளக்கம் தமிழ் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டதே. எனினும் அது எந்நூற்றாண்டின் விளக்கம், எந்நூற்றாண்டின் திருமேனிக்கு உரியது என்னும் வினா நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்பி, அதன்கண் தமிழாய்வாளர்க்கு உள்ள கடமையைச் சுட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கட்டுரையின் வரலாறு

கி. பி. 1897-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 'சித்தாந்த தீபிகை' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அவர் முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1895-இல் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். பின்னர்ச் சைவ சித்தாந்த நூல்கள் பலவற்றையும் அவ்வாறே பெயர்த்தவர். அவர்தம் இதழ் சமயம், மெய்ப்பொருள், இலக்கியம் ஆகியவற்றுக்கு உரியதேயன்றிக் கலைக்கென்று தோன்றியதன்று. எனினும் கூத்தன் திருமேனியைப் பற்றி உலகம் முழுதும் பின்னர்ப் படித்த கட்டுரை 1912-இல் அவ்விதழிலேயே முதலில் வெளிவந்தது. அதுவே ஆனந்த குமாரசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'சிவனது நடனம்'. கொழும்பில் 1877-இல் தமிழரான முத்து குமாரசாமிக்கு மகனாகப் பிறந்த அவ்வறிஞர் 1917-இல் பாஸ்டன் அரும்பொருட் காட்சியகத்திற் பணியேற்றார். மறு ஆண்டில் அக்கட்டுரையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவர்தம் கட்டுரைத் தொகுதி நியூயார்க்கில் அச்சாயிற்று. அன்று தொட்டு அக்கட்டுரை வாசகரை இழந்ததில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரஞ்சு நாட்டிலும் இத்திருமேனி பேசப்பட்டது. சென்னை அரும்பொருட் காட்சியகத்துக் கூத்தன் திருமேனிகளின் ஒளிப்படங்களைக் கண்ட சிற்பி ரொதேன் 1913-இல் தம் வியப்பை உரைநடையில் எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1921-இல், 'ஆர்ஸ் ஆசியாதிக்கா' என்னும் வெளியீட்டுத் தொடரின் மூன்றாம் தொகுதியில் அது குமாரசாமி, ஹாவெல், கொலுபேவ் ஆகியோரின் எழுத்துகளோடு இடம்பெற்றது. 1914-இல் ழூவோ துய்ப்ரேய் தென்னாட்டுத் தொல்கலை பற்றிய தம் பிரஞ்சு நூலை வெளியிட்டார். கோபிநாத ராவின் படிமக்கலை நூல் 1914-க்கும் 1916-க்கும் இடையே வந்தது. கல்கத்தாவில் 1920 முதல் 1930 வரை கங்கூலி நடத்திய 'ரூபம்' என்னும் இதழ் இந்தியக் கலையாராய்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது. இவ்வாறு பத்து இருபது ஆண்டுகளுக்குள் தமிழகத்துச் சமயக்கலை அறிஞருலகின் பொருளாயிற்று. ஆயின் அவ்வுலகின் மொழி ஆங்கிலமும் பிரஞ்சுமாகவே இருந்தது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. குமாரசாமியின் கட்டுரை சிற்ப நூலை அடிப்படையாகக் கொண்டதன்று. தமிழ்ச் சைவ நூல்களை அடிப்படையாகக் கொண்டது. உண்மை விளக்கம், திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரம், திருவருட்பயன், கோயிற்புராணம், சிதம்பர மும்மணிக்கோவை ஆகியவற்றின் கருத்துகள் அதிற் பயில்கின்றன. அவற்றுட் பலவற்றை அவர் பெற்றது நல்லசாமிப் பிள்ளையின் மொழிபெயர்ப்புகளின் வழியாகவே. தமிழ் நூல்களும், அவற்றை மொழிபெயர்த்த தமிழரும், அவற்றை வெளியிட்ட தமிழ்நாட்டு இதழும் இல்லையேல் அக்கட்டுரை எழுந்திராது. இது நாம் பெருமை கொள்ளத்தக்கதே. ஆயினும் பெருமையோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சி ஆகாது.

காலம் கலந்த நிரல்

மேற்கூறிய நூல்களைக் கால அடைவில் வைத்து நோக்குவோம். உண்மை விளக்கம் மெய்கண்டாரின் மாணவருள் ஒருவரான திருவதிகை மனவாசகங் கடந்தார் இயற்றியது. 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. திருவருட்பயனும் கோயிற்புராணமும் உமாபதி சிவாசாரியார் அருளியவை, 14-ஆம் நூற்றாண்டின. சிதம்பர மும்மணிக்கோவை குமரகுருபர அடிகளுடையது, 17-ஆம் நூற்றாண்டினது. திருமந்திரத்தின் காலமோ இன்றும் வழக்கிற்குரியது. இவையெல்லாம் ஒரே நிரலில் நிறுத்தப்பட்டு, 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் வார்க்கப்பட்ட திருமேனிகளுக்கு விளக்கமாயின.

குமாரசாமியின்மீது குறை கூறுதல் நம் கருத்தன்று. கூத்தின் தோற்றம் யாதாயினும் காலப்போக்கில் அது எய்திய பொருளே தமக்குரியது என்னும் கருத்தை அவர் தம் கட்டுரையிலேயே உணர்த்தியுள்ளார். அவர்தம் எச்சரிக்கையைப் பின்வந்தோர் விடுத்தனர். முடிபை மட்டும் கொண்டனர். 'காலப்போக்கில் எய்திய பொருள்' என்பது 'சிற்பி கருதிய பொருள்' என மாறியது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே இம்மாற்றம் விரிவாக ஆராயப்பட்டது. 1999-இல் அமெரிக்க நாட்டு 'ஆர்ட் புலட்டின்' இதழில் பத்மா கைமல் எழுதிய கட்டுரை, பிற்கால நூலின் பொருளை முற்காலத் திருமேனிக்கு அப்படியே ஏற்றலாகாது என்றும், ஒரு வடிவத்தின் பொருள் காலந்தோறும் மாறுவது என்றும் வாதிட்டது. அக்கட்டுரையின் எல்லா முடிபுகளையும் ஏற்க வேண்டுவதில்லை. அது எழுப்பிய வினாவை எவரும் தள்ள இயலாது.

மூலமும் உரையும்

இவ்வினாவைத் தமிழ் கற்றோர் புதியதாகக் கருத வேண்டுவதில்லை. மூலம் வேறு, உரை வேறு என்னும் தெளிவு நம் கல்வியின் முதற்பாடம். பரிமேலழகர் உரை திருக்குறளின் பொருளை அறியப் பெரிதும் துணை செய்வது. எனினும் அது 13-ஆம் நூற்றாண்டினர் ஒருவர் குறளை எவ்வாறு கண்டார் என்பதற்கே நேர்ச் சான்று. திருவள்ளுவர் உள்ளத்திற்கு அது நேர்ச் சான்றாகாது. நச்சினார்க்கினியர் உரையைக் கொண்டே தொல்காப்பியர் காலத்து வழக்கைத் துணிபவரை நாம் இடைமறிப்போம். அவ்விழிப்பைக் கலைத்துறையிலும் கொள்ளல் வேண்டும் என்பதே நம் கருத்து.

உண்மை விளக்கத்தின் செய்யுட்களை இந்நோக்கோடு அணுகினால் ஒரு செய்தி புலனாகும். அந்நூல் மாணவன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் அமைந்தது. கூத்து பற்றிய பகுதியில் இருவகை விளக்கங்கள் உள்ளன. ஒன்று ஐந்தெழுத்தைத் திருமேனியின் உறுப்புகளில் வைத்துக் காட்டுவது. துடியில் சிகரமும், வீசிய கையில் வகரமும், அபயக் கையில் யகரமும், தீயில் நகரமும், அடிக்கீழ் முயலகன் கிடக்கும் இடத்தில் மகரமும் அங்கு அமைகின்றன. மற்றொன்று ஐந்தொழிலை உறுப்புகளில் வைத்துக் காட்டுவது. அதுவே முன்னர்க் கூறிய உலகறிந்த விளக்கம். இரண்டனையும் சேர்த்து நோக்கினால் நான்கு கைகள், இரு திருவடிகள், முயலகன் என்னும் எல்லாக் கூறுகளும் அடங்கிவிடுகின்றன. ஒன்றும் எஞ்சவில்லை.

இவ்வாறு எஞ்சாமற் பொருள் கூறும் முறை உரையாசிரியரின் முறையன்றோ? எதிரே முழுமையாக அமைந்து நிற்கும் திருமேனியைக் கண்டு, உறுப்பு உறுப்பாகப் பொருள் விரித்த ஆசிரியரையே நாம் இச்செய்யுட்களிற் காண்கிறோம். ஒரே கைக்கும் ஒரே அடிக்கும் இருவேறு பொருள் கூறப்படுதலும் இதனை வலியுறுத்தும். சிற்பிக்கு இலக்கணம் வகுக்கும் நூலாயின், கை எவ்வளவு தாழ வேண்டும், கால் எவ்வளவு உயர வேண்டும் என்னும் அளவுகளைக் கூறியிருக்கும். உண்மை விளக்கம் அளவு கூறவில்லை, பொருளே கூறுகின்றது. ஆகவே அது திருமேனிக்கு மூலநூல் அன்று. திருமேனி என்னும் மூலத்திற்கு எழுந்த உரை. இவ்வாறு கொள்ளுதல் அந்நூலுக்குத் தாழ்வு ஆகாது. செம்பில் வார்த்த வடிவம் ஒன்றுக்குத் தமிழிற் செய்யுள் உரை கண்ட பெருமை அதற்கு உரியது.

முந்திய சான்றுகள்

உரையின் காலம் 13-ஆம் நூற்றாண்டு. மூலமாகிய திருமேனியின் காலம் யாது? இதற்குச் சிற்பம், கல்வெட்டு, இலக்கியம் ஆகிய மூவகைச் சான்றுகள் உள.

சிற்பச் சான்றுகளுள், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சீயமங்கலம் குகைக்கோயிலில், தூணின் மேற்பகுதியில், ஆடும் சிவனின் உருவம் உள்ளது. அஃது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியது. பிற்காலத் திருமேனியின் கூறுகள் யாவும் அங்கு ஒருங்கமையவில்லை. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் ஆடலின் வேறு நிலைகள் சிறந்து காணப்படுகின்றன. 10-ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் எடுத்த கற்றளிகளில் கூத்தப்பெருமான் தென்புறச் சுவர் மாடத்தில் இடம்பெறுதல் மரபாயிற்று. கோனேரிராசபுரமும், நம் தென்னார்க்காட்டு விருத்தாசலமும் அவ்வம்மையார் கற்றளியாக்கிய தலங்கள். செப்புத் திருமேனிகளின் தோற்றத்தைச் சோழர்க்கு முன்னரே கொள்வாரும் உளர். ஈயத்தின் ஓரகத் தனிமங்களையும் நுண்ணளவில் கலந்துள்ள பிற தனிமங்களையும் அளந்து காலங்காணும் முறையைத் தென்னாட்டுத் திருமேனிகளில் பயன்படுத்திய சாரதா சீனிவாசன், சோழர் காலத்தன எனக் கருதப்பட்ட சில கூத்தன் திருமேனிகள் பல்லவர் காலத்தனவாகலாம் என 2004-இல் 'வேர்ல்டு ஆர்க்கியாலஜி' இதழில் எழுதினார். அது நிலைபெறின் மூலத்திற்கும் உரைக்கும் இடையேயுள்ள காலம் மேலும் விரியும்.

கல்வெட்டுச் சான்றுகளுள் தலையாயது தஞ்சைப் பெரிய கோயிலது. முதலாம் இராசராசன் காலத்தில் அங்கு எழுந்தருளுவிக்கப்பட்ட திருமேனிகளைக் குறிக்கும் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. ஆடவல்லார் என்னும் பெயரால் அவை சுட்டும் திருமேனிக்கு நான்கு திருக்கைகளும், ஒன்பது சடைகளும், சடையின்மேல் கங்கையும், அடிக்கீழ் முயலகனும் எண்ணிச் சொல்லப்படுகின்றன. உட்டுளையின்றி வார்க்கப்பட்டமை 'கனமாக' என்னும் சொல்லாற் குறிக்கப்படுகின்றது. அக்கோயிலின் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். வடிவம் முழுமையுற்று, அரசனும் ஊரும் போற்றும் நிலையை அது எய்தியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. இக்கல்வெட்டுகளில் வடிவம் உண்டு, எண் உண்டு, எடை உண்டு, அணி உண்டு. ஐந்தொழில் விளக்கம் இல்லை. கணக்கெழுதும் ஆவணத்தில் மெய்ப்பொருள் விளக்கத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது எனலாம், உண்மையே. எனினும் முயலகனையும் கங்கையையும் பெயரிட்டு எண்ணும் இவ்வாவணம், உண்மை விளக்கத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வடிவத்தின் கூறுகள் ஒருங்கு நின்றமையை ஐயமற நிறுவுகின்றது.

இலக்கியச் சான்றுகளை இதழாசிரியர் பலர் ஒப்பனையாகவே கையாண்டனர். கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பாடல், முடிவில் ஒரு பாடல் என்னும் அளவில் அவை நின்றன. அவற்றைக் கால அடைவில் நிறுத்தினால் வேறு காட்சி தோன்றும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இறைவன் ஆடிய கொடுகொட்டி, பாண்டரங்கம் ஆகியவற்றைக் கூறுகின்றது. அவை முப்புரம் எரித்த செய்தியோடு இயைந்த ஆடல்கள். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் தீயேந்தி ஆடும் இறைவனைப் பாடினார். அங்குப் பேயும் நரியும் உண்டு, பொன்னம்பலம் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் தில்லையில் வளைந்த புருவத்தையும், இதழில் அரும்பும் முறுவலையும், நீறு பூசிய மேனியையும், எடுத்த பாதத்தையும் கண்டு உருகினார். சுடுகாட்டின் அச்சம் அம்பலத்தின் இன்பமாக மாறுவதை இவ்வடைவில் தெளியலாம்.

இங்கும் விழிப்பு வேண்டும். அப்பர் எடுத்த பாதத்தைப் பாடினார் எனவே ஏழாம் நூற்றாண்டிலேயே செப்புத் திருமேனி இருந்தது என முடிவு செய்வோர் உளர். அப்பாடல் இறைவனைப் பாடுகின்றது. அவர் கண்டது செம்போ, சுதையோ, ஓவியமோ, அகக்காட்சியோ என்பதைப் பாடல் கூறவில்லை. பிற்கால உரையை மூலமாக்குதல் ஒரு பிழை எனின், முற்காலப் பாடலைப் பிற்காலத் திருமேனியின் வருணனையாக்குதல் மற்றொரு பிழை. முதலது பிறமொழிக் கட்டுரைகளில் மிகுதி. இரண்டாவது நம்மிடையே மிகுதி.

அங்ஙனமாயின் 10-ஆம் நூற்றாண்டுத் திருமேனிகளோடு உடன்வைத்து நோக்கத்தக்க நூல் எது? ஒன்பதாம் திருமுறையாகிய திருவிசைப்பா என்பதே நம் விடை. அதன் பதிகங்களிற் பாதிக்கு மேற்பட்டவை தில்லையைப் பற்றியன. அதன் ஆசிரியருள் ஒருவர் கண்டராதித்தர். கூத்தப்பெருமானைக் கற்றளி மாடங்களில் இடம்பெறச் செய்த செம்பியன் மாதேவியாரின் கணவர். கணவர் சொல்லில் வைத்த கூத்தனைத் தேவியார் கல்லில் வைத்தார். திருமாளிகைத் தேவரின் பதிகங்களுள் ஒன்று தில்லைக் கூத்தனை அடி முதல் முடி வரை உறுப்புறுப்பாகப் போற்றிச் செல்வது. ஒரே காலத்துச் செய்யுளும் செம்பும் எதிரெதிரே நிற்க, அவற்றை ஒப்பிடாது, முந்நூறு ஆண்டு பிற்பட்ட நூலை நாடிச் செல்லுதல் முறையாகுமா? திருவிசைப்பாவைக் கலையாராய்ச்சியின் முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் இனிச் செய்யத்தக்க பணி.

திருமந்திரச் சிக்கல்

இதுகாறும் கூறியவற்றுக்கு ஒரு பெருந்தடை உண்டு. துடியும் தீயும் அடியும் ஐந்தொழிலைக் குறிக்கும் என்னும் கருத்துத் திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்திலும் காணப்படுகின்றது. சுந்தரர் திருத்தொண்டத் தொகையிற் திருமூலரைப் பெயர் கூறிப் போற்றுதலின் திருமூலர் அவர்க்கு முற்பட்டவர் என்பது தெளிவு. அங்ஙனமாயின் விளக்கம் திருமேனிக்கு முந்தியது ஆகாதோ, உரை என யாம் கூறியது மூலம் ஆகாதோ எனின், இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று.

திருமூலர் என்னும் அடியாரின் காலம் வேறு; இன்று திருமந்திரம் என வழங்கும் நூலின் ஒவ்வொரு செய்யுளின் காலமும் வேறு. திருமந்திரம் மூவாயிரம் என்பது மரபு. அச்சுப் பதிப்புகளில் அதனினும் மிக்க செய்யுட்கள் உள்ளன. ஒரே செய்யுள் இருவேறு இடங்களில் வருதலும், ஒரே பொருள் வேறுபட்ட நடையிற் கூறப்படுதலும் உண்டு. நூலின் பெரும்பகுதியைப் 11, 12-ஆம் நூற்றாண்டுகளுக்குக் கொண்டுவருவாரும் உளர். ஒன்பதாம் தந்திரத்தின் கூத்துப் பகுதி எக்காலத்தது என்பது துணியப்படின், சமயக்கொள்கை முந்தியதா செப்புத் திருமேனி முந்தியதா என்னும் வினாவும் தீரும். இத்துணிபைச் சிற்பத்தை மட்டும் கொண்டோ, உலோகத்தை அளந்தோ பெற இயலாது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, சொல்லும் யாப்பும் இலக்கணமும் நோக்கும் தமிழ்ப் புலமையே அதனைத் தரவல்லது. கலையாராய்ச்சியின் தலையாய சிக்கல் ஒன்று நம் துறையின் வாயிலில் நிற்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

மூலநூல் உடன் நிற்கும் இடம்

மூலத்தையும் உரையையும் பிரித்தறிய நமக்கு அணித்தே ஓர் அளவுகோல் உண்டு. அது தில்லைக் கோபுரங்களின் கரணச் சிற்பங்கள். பரத நூல் கூறும் நூற்றெட்டுக் கரணங்களும் கோபுர வாயிலின் உட்சுவர்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அவ்வக் கரணத்திற்கு உரிய நாட்டிய சாத்திரச் சுலோகமும் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பட்டுள்ளது. கிழக்குக் கோபுரத்துக் கரணங்களுள் 93-ஐச் சென்னைக் கல்வெட்டுத்துறையின் 1914-ஆம் ஆண்டறிக்கை வெளியிட்டது. 1926-இல் பரோடாவிலிருந்து இராமகிருஷ்ண கவி பதிப்பித்த நாட்டிய சாத்திரத்தின் முதற்பகுதியிலும் அவ்வுருவங்கள் இடம்பெற்றன. ஹார்லே 1963-இல் இக்கோபுரங்களின் அமைப்பையும் படிமங்களையும் தனிநூலாக ஆராய்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

இங்குச் சிற்பி எந்நூலை நோக்கினான் என்பதற்கு அவன் உளிபட்ட கல்லே சான்று. நூல் மூலம், சிற்பம் அதன்வழிப்பட்டது. கூத்தன் செப்புத் திருமேனிக்கோ இத்தகைய சான்று இல்லை. ஒரே ஊரில், ஒரே ஆடல் பற்றி, நூல்வழிப்பட்ட சிற்பமும் சிற்பவழிப்பட்ட நூலும் ஒருங்கு நிற்கின்றன. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தத் தில்லையினும் சிறந்த பாடசாலை இல்லை.

தமிழ் இதழ்களும் கலையும்

தமிழ் ஆராய்ச்சி இதழ்கள் இத்துறையில் ஆற்றியது யாது? மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 'செந்தமிழ்' 1902-இல் தோன்றியது. 'செந்தமிழ்ச் செல்வி' 1923-இலும், கரந்தையின் 'தமிழ்ப் பொழில்' 1925-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழ் 1932-இலும் தோன்றின. அழியும் நிலையிலிருந்த நூல்களைப் பதிப்பித்தலும், புலவர் காலங்களைத் துணிதலும், கல்வெட்டுகளை இலக்கியத்தோடு இயைத்தலும் அவற்றின் தலையாய பணிகளாயின. அக்காலத்தின் தேவை அது. சதாசிவ பண்டாரத்தாரின் சோழர் வரலாறும், வெள்ளைவாரணனாரின் பன்னிரு திருமுறை வரலாறும் அப்பயிற்சியின் பயன். வெள்ளைவாரணனார் தில்லைப் பெருங்கோயிலின் வரலாற்றையும் தனிநூலாக எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி 1948-இல் 'இறைவன் ஆடிய எழுவகைத் தாண்டவம்' என்னும் நூலில் ஆடல் வடிவங்களைத் தமிழ் நூற்சான்றுகளோடு இயைத்து விளக்கினார். பிற்காலத்தில் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்', திருச்சிராப்பள்ளியின் 'வரலாறு' ஆகிய இதழ்கள் கோயிற்கலையை நேரே ஆராயும் கட்டுரைகளைத் தமிழிலேயே வெளியிட்டுள்ளன.

ஆகவே தமிழிற் கலையாராய்ச்சி இல்லை என்பது பொருந்தாது. குறை வேறிடத்தில் உள்ளது. கலையை ஆராய்வோர் கல்வெட்டு, தொல்லியல் துறைகளினராய் நிற்க, இலக்கியத் துறையினர் அதனைத் தமக்குப் புறம்பானது எனக் கருதி விலகினர். விலகியதன் பயன், இலக்கியச் சான்று பிறரால் மொழிபெயர்ப்பின் வழியே, காலம் கலந்து, கையாளப்பட்டமை.

சிறுபான்மை மக்கள் பேசும் மொழியிலும் இவ்வாராய்ச்சி வளரும் என்பதற்கு ஐரோப்பாவின் லித்துவேனியா சான்று. முப்பது இலட்சத்திற்கும் குறைந்த மக்களையுடைய அந்நாட்டில் வழியோரச் சிலுவைத் தூண்களும், கன்னத்திற் கைவைத்துத் துயருற்று அமர்ந்த கிறித்துவின் மரச்சிற்பமும் சமயக்கலையின் சிறந்த வடிவங்கள். சோவியத்து ஆட்சிக் காலத்தில் அவை பெரிதும் நாட்டுப்புறக் கலை என்னும் பெயரின்கீழ்த் தொகுக்கப்பட்டு ஆராயப்பட்டன. சமயம் என்னும் சொல்லுக்கு இடமில்லாதபோதும் சான்றுகள் அழியாது காக்கப்பட்டன. அச்சிலுவைக் கலையை 2001-இல் யுனெசுகோ மாந்தரின் மரபுச் செல்வமாக அறிவித்தது. கலையாராய்ச்சி என்றே பொருள்படும் 'மெனோத்தீரா' என்னும் அந்நாட்டு இதழ் கட்டுரைகளைத் தாய்மொழியில் வெளியிட்டு, பிறமொழியிற் சுருக்கம் சேர்க்கும் வழக்கமுடையது. தாய்மொழியில் எழுதுதல் உலக அறிஞரிடமிருந்து விலகுதல் ஆகாது என்பதற்கு இம்முறை ஒரு வழிகாட்டி.

இனிச் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நம் துறை மேற்கொள்ளத்தக்க பணிகள் சில புலனாகின்றன. முதலாவது, சங்க நூல் முதல் குமரகுருபரர் வரை, கூத்தன் வடிவம் பற்றிய குறிப்புகளை நூற்றாண்டு வாரியாகவும் உறுப்பு வாரியாகவும் தொகுத்தல். துடி எப்பாடலில் முதலிற் கூறப்படுகின்றது, முயலகன் எப்போது இடம்பெறுகின்றான், வீசிய கையை எவர் முதலிற் பாடினார் என்னும் வினாக்களுக்கு அத்தொகுப்பு நேர்விடை தரும். இரண்டாவது, திருமேனிகள் பற்றிய கல்வெட்டுச் சொற்களைத் தனியே தொகுத்துப் பொருள் வரைதல்; பிறமொழிக் கலைச்சொற்களை மொழிபெயர்த்து வழங்கும் நாம், கோயிற் கணக்கர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய சொற்களை மறந்திருத்தல் தகாது. மூன்றாவது, திருமந்திரத்தின் கூத்துப் பகுதியைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தல். இம்மூன்றும் பட்ட ஆய்வு மாணவர் ஏற்றுச் செய்யக்கூடிய அளவினவே.

முடிவுரை

கடலூரின் செம்மண்டலத்திலிருந்து கெடிலத்தின் கரைவழியே மேற்கு நோக்கிச் சென்றால் பண்ணுருட்டியை அடுத்துத் திருவதிகை உள்ளது. அப்பர் சூலை நீங்கப் பாடியது அவ்வூரில். ஆறு நூற்றாண்டு கழித்து மனவாசகங் கடந்தார் தோன்றியதும் அவ்வூரில். ஒருவர் எடுத்த பாதத்தைக் கண்டு உருகினார். மற்றவர் அப்பாதத்திற்குப் பொருள் உரைத்தார். இருவர்க்கும் இடைப்பட்ட காலத்திலேயே செப்பில் அவ்வடிவம் முழுமையுற்றது. இம்மூன்றனையும் ஒன்றாக்கிக் கலத்தல் எளிது. கலந்த விளக்கம் கேட்போர்க்கு இனிமையும் தரும். ஆயினும் ஒவ்வொன்றையும் அதன் காலத்தில் நிறுத்திக் காணும்போதே, பாடியவர், வார்த்தவர், பொருள் கண்டவர் ஆகிய மூவரின் பெருமையும் தனித்தனியே விளங்கும்.

1912-இல் ஓர் இதழில் வெளிவந்த கட்டுரை கூத்தன் திருமேனியை உலகிற்கு அறிமுகப்படுத்தியது. அக்கட்டுரைக்குப் பொருள் தந்தவை தமிழ் நூல்கள். அவற்றின் காலத்தையும் இயல்பையும் வரையறுத்துக் கூறும் கடமை இன்னும் நிறைவேறவில்லை. அது தமிழ் கற்றோரின் கடமை. தமிழிலேயே செய்யத்தக்க கடமை.